மேற்படியார் சொன்ன முதல் பாகம்

நான் பார்த்த மனிதர்களிலேயே பொய் சொல்லத் தெரியாதவர் ஒரே ஒருவர்தான். அவர் பிழைத்தது சினிமாக் கொட்டகையில் கதை சொல்லி. இந்த இரண்டையும் ஒரே ஆளின் தலையில் எழுதிய பிரம்மாவை என்றைக்காவது நேரில் பார்த்தால் நான் சும்மா விடப்போவதில்லை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அப்போது படம் பேசாது. திரையில் ஆட்கள் வாயை வாயை அசைப்பார்கள், சத்தம் வராது. அதனால் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு, இவன் யார், அவள் ஏன் அழுகிறாள், குதிரை எங்கே ஓடுகிறது என்று உரக்கச் சொல்லிக்கொண்டே வருவார். அவருக்குக் கீழே ஓர் ஆர்மோனியக்காரன் உட்கார்ந்து, அழுகைக்கு ஒரு ராகமும் சண்டைக்கு ஒரு ராகமுமாக வாசிப்பான். ஆம்பூர் ரயிலடிக்குப் பின்னால் இருந்த டெண்டுக் கொட்டகையில் அந்த ஆர்மோனியக்காரன் நான். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. கதை சொன்னவர் மேற்படியார்.

அவருடைய சொந்தப் பெயர் கொட்டகையில் யாருக்கும் தெரியாது. ஏதோ ஓர் ஊரில் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் இருபது வருஷம் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தவர். பெரிய புள்ளி ஒருவர் வந்து, போன வருஷத்துத் தேதி போட்டு ஒரு பத்திரம் எழுதிக் கொடு என்று கேட்டாராம். இவர் பேனாவை மூடி வைத்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார், நேராக ரயிலேறி ஆம்பூரில் வந்து இறங்கிவிட்டார். குரல் நன்றாக இருந்ததால் கொட்டகை முதலாளி டெண்டு சாயபு அவரைக் கதை சொல்ல வைத்துக்கொண்டார். பேனாவைத்தான் விட்டாரே தவிர பத்திர பாஷையை அவரால் விட முடியவில்லை.

ராஜகுமாரனும் ராஜகுமாரியும் தோட்டத்தில் சந்திக்கும் காட்சி வரும். மற்ற ஊர்களில் கதை சொல்கிறவர்கள் இந்த இடத்தில் நிலவையும் தென்றலையும் கூப்பிடுவார்கள். எங்கள் ஆள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பிப்பார்: "கிழக்கே மாமரம், மேற்கே மதில் சுவர், வடக்கே குளம், தெற்கே நடைபாதை, இந்த நான்கு எல்லைக்குள் பட்ட இடத்தில், நாளது தேதி மாலை, மேற்படி ராஜகுமாரன் மேற்படி ராஜகுமாரியின் வலது கரத்தை மனப்பூர்வமாய்ப் பிடித்துக்கொண்டார்."

தோல் பதனிடும் ஷாப்பு ஆட்கள் விசில் அடித்தார்கள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நிஜமாகவே அடித்தார்கள். சுண்ணாம்புக் குழியில் நாளெல்லாம் நின்ற மனிதர்களுக்கு அந்த எல்லைக் கணக்கில் என்ன இன்பமோ, எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சங்கடம் திருடன் வரும்போதுதான். மீசையை முறுக்கிக்கொண்டு ஒருவன் நகைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் வழியாகக் குதிப்பான். மேற்படியார், "மேற்படி நபர் மேற்படி பெட்டியுடன் மேற்படி ஜன்னல் வழியாக வெளியேறுகிறார்" என்று நிறுத்திவிடுவார்.

கூட்டத்தில் ஒருவன் எழுந்து கத்துவான். "யோவ், திருடறான்யா! திருடன்னு சொல்லுய்யா!"

"பெட்டி யாருடையதுன்னு நமக்குத் தெரியாது. அவனுடையதாகவே இருந்தா?"

"சொந்தப் பொட்டிய எவன்யா ஜன்னல்ல தூக்கினு குதிப்பான்?"

"கதவு பூட்டியிருக்கலாம்" என்பார் மேற்படியார், நிதானமாக.

வெளியிலும் அப்படியே. டிக்கெட் வாங்க நிற்கிறவன் சும்மா ஒரு வார்த்தைக்கு, "படம் எப்பிடிண்ணா?" என்று கேட்டுவிட்டால் போதும். "நேத்து ஒம்போது பேர் தூங்கிட்டாங்க. ரெண்டு பேர் குறட்டை" என்று பதில் வரும். டெண்டு சாயபு உள்ளேயிருந்து ஓடி வருவார். நல்ல மனிதர், பருமனானவர், ஓடினால் மூச்சு வாங்கும். "அரே மேற்படியாரே! இன்னா பேஜார் பண்றே! வாயைக் கொஞ்சம் கம்மி பண்ணுய்யா!" என்று கெஞ்சுவார். அவரை வேலையை விட்டு அனுப்பவும் சாயபுவுக்கு மனம் வராது. இருட்டில் டிக்கெட் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிக் கொடுக்க ஆம்பூரில் வேறு ஆள் இல்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். என் அப்பாவுக்குக் குடியாத்தத்தில் இரண்டு தறி. நான் தறியோடு சண்டை போட்டுக்கொண்டு ஆர்மோனியத்தோடு ஓடிவந்தவன். அதே தெருவில் ஒரு மேஸ்திரி இருந்தார். பதினாறு தறிக்கு அவர் வைத்ததுதான் சட்டம். அவருடைய மகள் தனம். தனத்தை எனக்குக் கேட்டு என் வீட்டார் போனபோது மேஸ்திரி ஒரே வரியில் முடித்துவிட்டார். "பாட்டுக்காரன்லாம் குடிகாரன். ஆர்மோனியப் பொட்டிக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்." நான் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. அதைச் சொல்லியும் பார்த்தார்கள். மேஸ்திரி காதில் ஏறவில்லை.

அந்த மனிதருக்கு ஒரே ஒரு பலவீனம் சினிமா. குடியாத்தத்தில் சாயபுவுக்கு இன்னொரு டெண்டு இருந்தது. நெசவாளிகளுக்கு அமாவாசைதான் விடுமுறை. அன்றைக்கு ஊரில் ஒரு தறியும் ஓடாது. மேஸ்திரி குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவார். சினிமாவில் காட்டுவதெல்லாம் எங்கேயோ நிஜமாக நடந்தது, பம்பாய்க்காரன் ஒளிந்திருந்து படம் பிடித்துவிட்டான் என்று அவர் உறுதியாக நம்பினார்.

அந்தச் சமயத்தில்தான் பம்பாயிலிருந்து ஒரு படம் வந்தது. இரண்டு பாகம். தனித்தனிப் பெட்டி, தனித்தனிப் படம். முதல் பாகத்தை ஒரு தடவை ஓட்டிவிட்டு, ஜனங்களைத் தவிக்கவிட்டு, இரண்டாவதைப் பிறகு ஓட்டவேண்டும். இதில் ஒரு சிக்கல் வந்தது. ஆம்பூர் தோல் ஷாப்புகளுக்கு லீவு வெள்ளிக்கிழமை. குடியாத்தம் தறிகளுக்கு லீவு அமாவாசை. அந்த மாதம் அமாவாசை வெள்ளிக்கிழமையில் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு ஊரிலும் ஒரே நாளில் கூட்டம் நெரியும், முதல் பாகமோ ஒன்றுதான்.

சாயபு அரைமணி நேரம் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தார். ஆம்பூருக்கு முதல் பாகம். குடியாத்தத்துக்கு இரண்டாம் பாகம். அங்கே போய்க் கதை சொல்ல மேற்படியார், வாசிக்க நான். ஆம்பூருக்கு வாணியம்பாடியிலிருந்து வேறு ஆள்.

மேற்படியார் துண்டை உதறினார். அந்த உதறலைப் பார்த்தாலே எங்களுக்குப் பயம்.

"முடியாது. தாய்ப்பத்திரம் பார்க்காம நான் எந்தக் காலத்திலேயும் கிரயம் எழுதினதில்லை. முதல் பாகத்தை நான் பார்க்கலை. யார் யாருக்குப் பிறந்தான், யார் யாரைக் கட்டினான், எதுவும் தெரியாம ரெண்டாம் பாகத்தை எப்படிச் சொல்றது?"

"அரே, சினிமாவுக்கு ஏதுய்யா தாய்ப்பத்திரம்?"

"எல்லாத்துக்கும் உண்டு."

நான் அவரைத் தனியாக இழுத்துப் போனேன். "அண்ணா, எனக்காக வாங்கண்ணா. தனத்தைப் பார்த்து ரெண்டு மாசமாவுது" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். ஒரு நிபந்தனை, இது இரண்டாம் பாகம் என்று சபையில் முதலிலேயே சொல்லிவிடுவேன் என்றார். சொன்னார். குடியாத்தத்துக் கூட்டம், "எதுவா இருந்தா இன்னா, ஓட்டுய்யா!" என்றது.

படம் ஓடியது. கண் தெரியாத ஒரு பாடகன் தம்பூராவோடு தெருத்தெருவாக அலைகிறான். "மேற்படி நபர் யார், பார்வை எப்படிப் போயிற்று என்பதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் கஷ்டப்படுகிறார், அது கண்கூடு" என்றார் மேற்படியார். பிரிந்துபோன மனைவியைத் தேடுகிறான். அவள் ஓர் அரண்மனையில் வேலைக்காரியாக இருக்கிறாள். அரண்மனை வாசலில் இவன் உட்கார்ந்து பாடுகிறான். திரையில் அவன் வாயை அசைக்க, கீழே நான் வாசித்தேன். தனம் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு வாசித்ததுபோல நான் அதற்கு முன்னும் வாசித்ததில்லை, பின்னும் வாசித்ததில்லை. மனைவி குரலை அடையாளம் கண்டு ஓடி வருகிறாள், அவனுக்குப் பார்வை திரும்புகிறது. மேற்படியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மேற்படி தம்பதிகள் இன்று முதல் புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சூரிய சந்திராள் உள்ளவரைக்கும், யாதொரு வில்லங்கமும் இல்லாமல் வாழ்ந்துகொள்ள வேண்டியது" என்று முடித்தார். கொட்டகையே அழுதது.

மேஸ்திரி எல்லாரையும்விட அதிகமாக அழுதிருந்தார். நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, அந்தக் கண்ணு தெரியாதவன் பாட்டு, அது நீ வாசிச்சதா?"

"ஆமா மாமா."

"பாட்டுக்காரங்களப் பத்தி நான் தப்பா நெனச்சுட்டேன்பா. இவன் இன்னா மனுசன்! எவ்ளோ பொறுமை! பொண்டாட்டிக்காக ஊரூரா அலையறான் பாரு." மூக்கைச் சிந்தினார். "சரி. பொண்ணு குடுக்கறவன் பூர்வோத்தரம் பாக்காம குடுக்கக்கூடாது. வர்ற அமாவாசைக்கு மொத பாகம் வருதில்ல? இவன் முன்னாடி எப்பிடி இருந்தான்னு அத்தையும் பாத்துட்டு, அன்னிக்கே தாம்பூலம் மாத்திக்கலாம்."

நான் ஆம்பூருக்கு ரயிலில் வரவில்லை, மிதந்து வந்தேன். வந்ததும் முதல் வேலையாக வாணியம்பாடிக்கு ஓடி, அதற்குள் ஆம்பூரிலிருந்து அங்கே போய் ஓடிக்கொண்டிருந்த முதல் பாகத்தை மேற்படியாரோடு உட்கார்ந்து பார்த்தேன். நம்முடைய பொறுமைசாலிப் பாடகன் முதல் பாகத்தில் செய்யாத அக்கிரமம் இல்லை. காலையில் குடிக்கிறான், மத்தியானம் குடிக்கிறான். மனைவியின் தாலியைக் கழற்றிக்கொண்டு போய் விற்கிறான். நாட்டியக்காரி வீட்டில் கிடக்கிறான். பிள்ளைத்தாய்ச்சி மனைவியைத் தள்ளிவிட்டு வீட்டைவிட்டுப் போகிறான். போன வழியில் இடி விழுந்து கண் போகிறது. அந்த இடத்தில் வாணியம்பாடிக் கூட்டம் கை தட்டியது.

மேஸ்திரி இதைப் பார்த்தால் தாம்பூலமாவது, மண்ணாவது! "பாட்டுக்காரன்லாம் குடிகாரன்" என்று அவர் சொன்னதற்குப் பம்பாயிலிருந்து சாட்சி அல்லவா வந்திருக்கிறது!

முதலில் சாயபுவிடம் போய், அந்த ரீல்களை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன். "தோஸ்த், அந்த ரீல்லதான் டான்ஸ் கீது. அத்த எடுத்தா கொட்டாயப் பிரிச்சுடுவானுங்க" என்றார். பிறகு மேற்படியார் காலில் விழுந்தேன்.

"அண்ணா, அவன் குடிக்கிறது சாராயம்னு நீங்க சொல்லாதீங்க. வேற எதையாவது சொல்லுங்க."

"இருக்கிறதை இல்லைன்னு சொல்ல என் நாக்குக்கு வராது தம்பி."

"அப்ப அந்த இடத்துல சும்மா இருந்துடுங்க."

"தெரிஞ்சும் சொல்லாம விட்டா அதுவும் வில்லங்கத்தை மறைச்ச மாதிரிதான்."

ஒரு மாதம் முழுக்கக் கெஞ்சினேன். டீ குடிக்கும்போது கெஞ்சினேன், குளிக்கும்போது கெஞ்சினேன். அவர் துண்டை உதறிக்கொண்டு நகர்ந்துவிடுவார். அமாவாசை நெருங்க நெருங்க அவர் சரியாகச் சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டார். என் கல்யாணக் கவலையில் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

அமாவாசை வந்தது. விளக்கு வைக்கிற நேரத்து ஆட்டம். மேஸ்திரி முன்வரிசையில், பக்கத்தில் அவர் சம்சாரம், தனம், பங்காளிகள் பத்துப் பன்னிரண்டு பேர். சம்சாரத்தின் மடியில் துணி போட்டு மூடிய தாம்பூலத் தட்டு. மேற்படியார் திரைக்குப் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்க்கவே இல்லை.

படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் பாடகன் அலமாரியைத் திறந்தான். பாட்டிலை எடுத்தான்.

"மேற்படி பாடகர்..." என்றார் மேற்படியார். நிறுத்தினார். "மேற்படி பாட்டிலில் உள்ள..." மறுபடி நிறுத்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "...கஷாயத்தை அருந்துகிறார்."

என் கை தவறி ஆர்மோனியம் ஓர் ஊளை விட்டது.

பாடகன் தள்ளாடினான். "மேற்படி கஷாயம் மிகவும் கசப்பானபடியால் தள்ளாடுகிறார்." பாடகன் தாலியைக் கழற்றினான். "ஊரில் திருட்டு பயம் இருக்கிறபடியால் மேற்படி தாலியைப் பத்திரத்துக்காகச் சேட்டிடம் ஒப்படைக்கிறார்." நாட்டியக்காரி சலங்கையோடு வந்தாள். மேற்படியார் அவளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மேலே டெண்டுத் துணியைப் பார்த்தார். "இந்த அம்மாள்... லேடி டாக்டர். மேற்படி நோயாளியின் மனம் தேறுவதற்காக... ஆடுகிறார்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்போதெல்லாம் படத்துக்கு நடுவில் நாலைந்து பாஷையில் வாசகம் எழுதிக் காட்டுவார்கள். பின்வரிசையில் இருந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் அதைப் படித்துவிட்டுக் கத்தினார். "மேற்படியாரே! 'சாராயமே என் தெய்வம்'னு அவனே சொல்றானே!"

"அதற்குப் பிழை திருத்தல் பத்திரம் பின்னால் வரும்!" என்று மேற்படியார் அலறினார். அவருடைய சட்டை முழுவதும் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பாடகன் மனைவியைத் தள்ளிவிட்டு வெளியேறியபோது அவரால், "காசிக்கு... காசிக்குப் போகிறார்" என்று முனகத்தான் முடிந்தது. இடி விழுந்தது. அவர் ஒன்றுமே சொல்லாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விளக்குப் போட்டார்கள். ஜனங்கள் சிரித்துக்கொண்டே கலைந்து போனார்கள். மேஸ்திரி மட்டும் எழுந்து மேற்படியாருக்கு எதிரில் வந்து நின்றார்.

"இன்னா மேற்படியாரே. அது கஷாயமா?"

மேற்படியார் தலையைத் தூக்கினார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இல்லை. சாராயம்."

"அந்தம்மா லேடி டாக்டரா?"

"இல்லை."

என் கல்யாணம் அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். தனம் தலையைக் குனிந்துகொண்டாள்.

மேஸ்திரி அவருக்கு எதிரிலேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "திருடனைத் திருடன்னு சொல்லாத ஆளுய்யா நீ. ஊருக்கே தெரியும். அந்த வாயில இவ்ளோ பொய் வருதுன்னா, அது இந்தப் பையனுக்காகத்தான்னு எனக்குத் தெரியாதா? ஒண்ணு இவன் பெரிய அயோக்கியனா இருக்கணும், இல்லாட்டி ரொம்ப நல்லவனா இருக்கணும். படத்த வுடு. இவன் எப்பிடி? இதுல ஒரு எழுத்து மாத்தாம சொல்லு."

மேற்படியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"காலையில எட்டு மணிக்கு முன்னாடி எழுந்ததில்லை. கோவம் வந்தா சாப்பிடாம படுத்துக்குவான், அப்புறம் பசிக்குதுன்னு நம்மளை எழுப்புவான். என் குடையை இரவல் வாங்கித் தொலைச்சுட்டான், இன்னிக்கு வரைக்கும் ஒத்துக்கலை. ஆர்மோனியத்துல கருப்புக் கட்டையில கை தடுமாறும்." கொஞ்சம் நிறுத்தினார். "குடிக்கமாட்டான். எனக்குப் போன வருஷம் விஷ ஜுரம். ஒட்டிக்கும்னு எல்லாரும் எட்டப் போய்ட்டாங்க. இவன் பதினோரு நாள் என் பக்கத்துலேயே இருந்தான். வெளிக்குப் போகப் பீங்கான் எடுத்து வெச்சான், வாந்தி அள்ளினான். எனக்கு யாரும் இல்லை. இவன்தான் இருந்தான். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

மேஸ்திரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு திரும்பி, "இன்னாடி பாத்துனு கீறே, தட்ட எடுத்தா" என்று தன் சம்சாரத்தை அதட்டினார். குடை விஷயத்தை மட்டும் அன்றைக்கே ஒப்புக்கொள்ளச் சொன்னார். ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் காலை ரயிலில் ஆம்பூருக்குத் திரும்பினோம். மேற்படியார் ஜன்னலோரமாக உட்கார்ந்து பாலாற்று மணலையே பார்த்துக்கொண்டு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"அண்ணா, மனசு கஷ்டமா இருக்கா?"

"இருக்கு. நிறைஞ்ச சபையில நின்னு பொய் சொல்லிட்டேன். தப்பு பண்ணிட்டேன் தம்பி. பெரிய தப்பு."

"விடுங்கண்ணா, இனிமே உங்களுக்கு அப்பிடி ஒரு நெலம வராது" என்றேன்.

வண்டி ஒரு ஸ்டேஷனில் நின்று, புறப்பட்டது. மேற்படியார் என் பக்கம் திரும்பாமலே, "வந்தா மறுபடியும் சொல்வேன்" என்றார்.

கூடப் பிறந்த அண்ணன் எனக்குக் கிடையாது. அந்தக் குறை அன்றைக்கு அந்த ரயிலிலேயே தீர்ந்துவிட்டது.